யுகேந்திரன் அழித்த பதில்

ஜூன் 17, 2025 – செவ்வாய்

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஒன்று விடாமல். கேட்க ஆள் இருந்திருந்தால் தேதியைக்கூடச் சொல்லியிருப்பேன்.

நேற்றுக் காலை கெலுகோரில் லோகேஸ்வரன் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில் இணையம் படுத்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து மாணவர்களுக்குக் கணினியில் பரீட்சை. லோகேஸ்வரன் கேண்டீனில் உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தானாம். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கைப்பேசிக்கு அலர்ட் வரவே இல்லை. கண்காணிக்கிற கணினி என்னவோ ஒழுங்காகத்தான் அலர்ட் அனுப்பியிருக்கிறது, ஆனால் எந்த லைன் செத்துப்போனதோ அதே லைன் வழியாக அனுப்பியிருக்கிறது. எப்படிப் போய்ச் சேரும்? எரிகிற வாசல் வழியாகவே ஆளை அனுப்பித் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிற மாதிரி.

இதைத்தான் போன மாதமே குழுவில் எழுதினேன். ‘வலைக்காவலர்’ என்று வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. ஜார்ஜ் டவுன் இருக்கிற தீவிலும், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கமும் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிற தமிழர்கள் எல்லாரும் அதில் இருக்கிறோம். கல்லூரிக்காரன், தொழிற்சாலைக்காரன், நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரன், என்னைப் போல ஹோட்டலில் கேபிள் பார்க்கிறவன் எல்லாரும். எதற்கு மணி அடிக்க வேண்டும், எதற்கு அடிக்க வேண்டாம், எந்த எண் சிவப்பானால் ஓட வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். நான் எழுதியது இவ்வளவுதான்: அலர்ட்டுக்குத் தனியாக ஒரு சிம் கார்டு மோடம் வையுங்கள். லைன் செத்தாலும் சேதி சாகாது.

குழுவுக்கு அட்மின் யுகேந்திரன். டிகிரி வாங்கியவன். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். மின்னஞ்சல் வழியாக அலர்ட் அனுப்பினால் போதும் என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தவனே அவன்தான். நான் எழுதியதற்குக் கீழேயே பதில் போட்டான். போட்டுவிட்டு உடனே அழித்தும் விட்டான். ஆனால் இந்தத் தங்கராஜு கண்ணில் பட்டதை யாராலும் அழிக்க முடியாது.

‘கேபிள் இழுக்குறவங்க கேபிள இழுங்க. யோசிக்கிற வேலய படிச்சவங்க பாத்துக்குறோம்.’

இப்படி எழுதினான்.

எனக்கு. நான் கட்டிய கேபிள் கட்டைப் பார்த்துவிட்டு ஒரு ஜப்பான்காரன் கோயிலுக்குள் வருகிற மாதிரி செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு அறைக்குள் வந்தான். ஜார்ஜ் டவுனில் நான் கை வைக்காத பழைய கட்டடம் இல்லை. சுவரில் காதை வைத்தே எந்த ஒயரில் கோளாறு என்று சொல்லுவேன்.

இன்று குழுவில் ஒருவனும் ‘தங்கராஜு அண்ணன் அன்றைக்கே சொன்னார்’ என்று எழுதவில்லை. யுகேந்திரன் மட்டும், ‘அலர்ட்டுக்குத் தனி லைன் இருந்தால் நல்லது நண்பர்களே’ என்று அவனே கண்டுபிடித்த மாதிரி எழுதினான். கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

விட மாட்டேன்.

ஜூன் 18 – புதன்

இன்றும் ஒருவன் கை தட்டினான். தட்டட்டும். இதே கைகளை வேறு விதமாகத் தட்ட வைக்கிறேன்.

ஜூன் 21 – சனி

ஆயர் ஈத்தாம் பாசாரில் சீனி முகம்மதுவைப் பிடித்தேன். அவனுடைய அண்ணன் நடத்தும் நாசி கண்டார் கடைகளில் கேமராவும் நெட்வொர்க்கும் இவன் பொறுப்பு. குழுவில் எனக்கு நெருங்கினவன். இவன் வாயில் ஒரு விஷயத்தைப் போட்டால் ஃபெர்ரி அக்கரை சேருவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் இவனை முதலில் பிடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கி வைத்த தே தாரே டீ ஆறிப்போகிற வரைக்கும் கேட்டான்.

“யுகேன் அப்பிடி பேசுற ஆளு இல்லியேண்ணே.”

“பேசல. எழுதுனான்.”

“ஸ்கிரீன்ஷாட் இருக்கா?”

“அதான் அழிச்சிட்டானே. அழிச்சதுக்கு எப்பிடிலா ஸ்கிரீன்ஷாட்?”

“அழிச்ச அடையாளத்த நானும் பாத்தேன். வேற எந்த குரூப்புக்கோ அனுப்ப வேண்டியத இங்க போட்டுட்டான்னு நெனச்சேன்.”

“ஒனக்கு நல்ல மனசு. திட்டு வாங்குனது நானு.”

சீனி சிரித்தான். “ஒங்களுக்கு கேபிள விட கோபந்தாண்ணே நல்லா இழுக்க வருது. எவ்ளோ நீளம்.”

சிரிக்கட்டும். போகும்போது அவன் முகம் மாறியிருந்தது. அது போதும்.

சீனியிடம் சொல்லும்போது ‘படிவம் மூணோட நின்னவங்க’ என்பதையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை இங்கே எழுதும்போது அது விட்டுப்போய்விட்டது. அதுவும் அதில் இருந்தது. ‘படிவம் மூணோட நின்னவங்க, கேபிள் இழுக்குறவங்க’ என்றுதான் ஆரம்பித்திருந்தான். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றது அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 26 – வியாழன்

அவனை ஒரேயடியாகக் கீழே தள்ளினால் பாவம் பார்க்க ஆள் வந்துவிடுவார்கள். அவன் நிற்கிற பலகைகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.

இன்று முதல் பலகை. காலையில் யுகேந்திரன் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். ‘கண்காணிப்பு வரைபடக் கோட்டில் நடுவே இடைவெளி விழுந்திருந்தால், லைன் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நேரத்துக்குத் தகவல் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். இடைவெளியை நாமாக நிரப்பக் கூடாது.’

நான் விடுவேனா? எழுதினேன்: ‘தம்பி, இடைவெளியைப் படித்தவன் அப்படியே விடுவான். அனுபவம் உள்ளவன் நிரப்புவான். ஒரு தடவை கோட்டில் ஒரு சின்ன இடைவெளி. ஆயர் ஈத்தாமில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டே, இது கொடிமலைக் குரங்கு கேபிளைக் கடித்தது என்று சொன்னேன். ஆள் போய்ப் பார்த்தால், கேபிளில் பல் தடம். குரங்கு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. இடது கைக் குரங்கு.’

குழுவே சிரித்தது. ஒருவன் குரங்குப் படம் போட்டான். இன்னொருவன், ‘யுகேன், உங்க சாஃப்ட்வேர்ல குரங்குக்கு அலர்ட் இருக்கா?’ என்று கேட்டான். யுகேந்திரன், ‘அண்ணன் அனுபவத்துக்கு முன்னால் நாமெல்லாம் என்ன’ என்று ஒரு வரி போட்டு ஒதுங்கிக்கொண்டான். பணிவு. இந்தப் பணிவைத்தான் நான் நம்புவதில்லை. வெளியே பணிவு, அழிக்கிற செய்திக்குள்ளே அகம்பாவம்.

மத்தியானம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கேபிள் காண்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தார். “விஷயம் தெரியுமாண்ணே? அந்த அட்மின் நம்மள பத்தி என்ன எழுதுனான் தெரியுமா?” என்று ஆரம்பித்து, முழு வாக்கியத்தையும் எனக்கே சொன்னார். என்னிடமே! கடைசியில், ‘சம்பளத்த வாங்கிக்கிட்டு வாய மூடுங்க’ என்று ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அது நான் சொன்னது இல்லை. ஆனால் பொருத்தமாக இருந்தது. மறுக்கவில்லை.

ஜூன் 29 – ஞாயிறு

மோகனாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இவளுக்கு என் பேச்சில் எங்கே தையல் போட்டிருக்கிறது என்று தேடுவதே வேலை.

“அவரு அழிச்சிட்டாருன்னா நீங்க எப்ப படிச்சீங்க?”

“போட்ட ஒடனே.”

“அன்னிக்கு என்ன மோட்டர்ல பின்னால ஏத்திக்கிட்டு பல் டாக்டருகிட்ட போய்க்கிட்டு இருந்தீங்க. எறங்குன பெறகுதானே போன எடுத்தீங்க.”

“சிக்னல்ல நிக்கும்போது பாத்தேன்.”

“எந்த சிக்னலு?”

“செவப்பு சிக்னலு.”

சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிடும்போது அப்பளம் எனக்கு வைக்கவில்லை.

ஜூலை 4 – வெள்ளி

சீனி சொன்னான்: யுகேந்திரன் வேலை பார்த்த பிரிவையே மூடிவிட்டார்களாம். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவனையும் சேர்த்து. “பாவம்ணே” என்றான். “பாவம்தான்” என்றேன். ஆனால் அது தொழிற்சாலை கொடுத்த அடி. என் அடி இன்னும் விழவில்லை.

ஜூலை 9 – புதன்

விழுந்தது.

ஹோட்டலில் எங்கள் நெட்வொர்க் பிரிவுக்குத் தலைவி ஃபாத்தின். சின்ன வயது, கூர்மையான பெண். மலாயிலும் தமிழிலும் மாறி மாறி வேலை வாங்குவாள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காலையில் என்னை அறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் ஒரு விண்ணப்பம். மேலே புகைப்படத்தில் யுகேந்திரன், கழுத்துப் பட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

“அங்கிள், இவரு ஒங்க குரூப்பு அட்மினாமே. ஆளு எப்பிடி? எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. நீங்க ஓகேன்னா வெள்ளிக்கிழம கூப்புடுறேன்.”

நீங்க ஓகேன்னா. என்னைப் பார்த்துக் கேட்கிறாள். டிகிரி வாங்கியவனுடைய சோறு படிவம் மூன்று படித்தவன் நாக்கில்.

நல்லதைச் சொல்லவும் வாய் தயாராகத்தான் இருந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும். வேலை தெரிந்தவன். குழுவில் யாருக்காவது நெட்வொர்க் படுத்துவிட்டால், தன் வேலையை விட்டுவிட்டுப் போனில் உட்கார்ந்து சரி செய்து கொடுப்பான். அதில் பொய் இல்லை.

“வேலையில கெட்டிக்காரன்மா. வாய்தான் கொஞ்சம்.”

“வாய்னா?”

நான் தயங்கினேன். நன்றாகத் தயங்கினேன். “வேணாம்மா, சின்னப் பையன், பொழப்பு போயிடும்” என்றேன். அப்படிச் சொன்னால் எவள் விடுவாள்? பிறகு முழுவதையும் சொன்னேன். படிவம் மூணு, கேபிள், படிச்சவங்க, பட்டர்வொர்த்காரர் ஒட்டிய வால், எதையும் விடவில்லை.

ஃபாத்தின் பேனாவைக் கீழே வைத்தாள்.

“எங்கத்தா டெலிபோன் கம்பத்துல ஏறி எறங்குனவரு அங்கிள். அதுலதான் என்ன படிக்க வச்சாரு. தெரியுமா ஒங்களுக்கு?”

தெரியும். இந்த ஹோட்டலில் எல்லாருக்கும் தெரியும்.

“தெரியாதும்மா” என்றேன்.

அவள் அந்த விண்ணப்பத்தைத் திருப்பிக் குப்புற வைத்தாள். புகைப்படம் மேசையைப் பார்த்துக்கொண்டு சிரித்தது.

ஜூலை 10 – வியாழன்

காலையில் பசியாறும்போது எனக்குத் தானாகப் பாட்டு வந்தது. மோகனா, “என்ன, யாரு செத்தா?” என்றாள்.

ஜூலை 15 – செவ்வாய்

யுகேந்திரன் வந்தான். ஹோட்டலுக்குப் பின்னால் லாரி வந்து சாமான் இறக்கும் இடத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தான். நேரில் பார்த்து வெகுநாளாயிற்று. சட்டை தொளதொளவென்று தொங்கியது.

நான் இதற்குத் தயாராகவே இருந்தேன். மறுப்பான், ‘நான் அப்படி எழுதவே இல்லை’ என்பான், அதற்கு என்ன சொல்ல வேண்டும், அதற்கு அவன் என்ன சொல்வான், அதற்கு நான் எப்படி நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

“வெள்ளிக்கெழம கூப்புடுறேன்னு சொல்லியிருந்தாங்கண்ணே. கூப்புடல. நானே போன் பண்ணேன். ‘எங்க ஆளுங்கள மதிக்கிறவங்கதான் எங்களுக்கு வேணும்’னாங்க. ஒண்ணும் புரியல. அப்பறம் சீனி அண்ணன்தான் நான் ஒங்கள திட்டி எழுதுனத சொன்னாரு.”

மறு, சீக்கிரம் மறு என்று காத்திருந்தேன்.

“எனக்கு ஞாபகம் இல்லண்ணே. மே மாசம் பூரா எங்க செக்‌ஷன மூடப் போறாங்கன்னுதான் பேச்சு. ராத்திரில தூக்கமில்ல. எந்த குரூப்புல என்ன எழுதுனேன், எத அழிச்சேன், ஒண்ணும் நெனவுல இல்ல. மனசு பூரா எரிச்சல். யாரையாவது திட்டணும்போல இருந்திச்சு. ஒங்கள திட்டிட்டேன் போல.”

“எழுதுனதாலதானே அழிச்ச” என்றேன்.

“ஆமாண்ணே. அடையாளம் இருக்கே. நானே போய்ப் பாத்தேன். அப்ப எழுதியிருப்பேன்.”

எழுதியிருப்பேன் என்கிறான்!

மறுக்க மாட்டேன் என்கிறவனை என்ன செய்வது? கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். இவன் வந்து தானாகவே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அப்புறம் தீட்டியவனுக்கு என்ன மரியாதை?

“ஜொகூர்ல ஒரு வேல இருக்குண்ணே. ஆனா வீட்டுக்காரி சுபாஷினிக்கு வேல இங்க கெலுகோர்ல. பாப்பா ரெண்டாவது படிக்குது. நான் மட்டும் போயி தனியா இருக்கணும். நீங்க ஃபாத்தின் மேடம்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா...” நிறுத்திவிட்டு, “என்ன மன்னிச்சிருங்கண்ணே. ஒங்கள எனக்கு எப்பவும் புடிக்கும். குரங்கு கதைய சுபாகிட்ட சொல்லிச் சிரிச்சேன்” என்றான்.

அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் சொன்னது இது:

“எல்லார் முன்னாலயும் திட்டுனதுக்கு எல்லார் முன்னாலயுந்தான் மன்னிப்பு கேக்கணும்.”

தானாக வந்துவிட்டது. அவன் தலையாட்டினான். “சரிண்ணே. அதான் மொற.”

ஜூலை 16 – புதன்

குழுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டான். நீளமாக. எந்த வார்த்தைகளுக்காக மன்னிப்புக் கேட்கிறான் என்று தெரிய வேண்டுமே, அதனால் அந்த வாக்கியத்தையும் முழுக்க எழுதியிருக்கிறான். ‘படிவம் மூணோட நின்னவங்க’ இருக்கிறது. ‘சம்பளத்த வாங்கிக்கிட்டு வாய மூடுங்க’ கூட இருக்கிறது. அந்தக் கடைசித் துண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறான்.

அதுவரை நம்பாதவனும் நம்பிவிட்டான். கேபிள்காரர்கள் எல்லாரும் பாய்ந்தார்கள். ‘உன் டிகிரியைக் கொண்டுபோய்க் கூரையில் இழு’ என்று ஒருவன். ‘இவன் சொன்ன எதையும் இனி என் இடத்தில் வைக்க மாட்டேன்’ என்று இன்னொருவன். அவனிடம் இலவசமாகக் கற்றுக்கொண்டவன்தான். கெலுகோர் லோகேஸ்வரன் ஒரு வரிகூட அவனுக்காக எழுதவில்லை.

யுகேந்திரன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம், ‘தங்கராஜு அண்ணன் அட்மினாக இருப்பதுதான் நியாயம்’ என்று எழுதி, என்னை அட்மின் ஆக்கிவிட்டுத் தான் விலகிக்கொண்டான்.

கைதட்டல் படங்கள். இந்தத் தடவை எனக்கு. திரை கொள்ளாமல்.

மோகனாவிடம் காட்டினேன். படித்தாள். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அந்தப் பையனுக்கு ஒங்க செவப்பு சிக்னல் தெரியாது போல” என்றாள்.

ஜூலை 18 – வெள்ளி

ஃபாத்தினிடம் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை, நானாகத்தான் போனேன்.

“பையன் மன்னிப்பு கேட்டுட்டாம்மா. எனக்கு இப்ப மனசுல ஒண்ணும் இல்ல. கூப்புட்டுப் பாரும்மா.”

“பாத்தேன் அங்கிள். யாரோ அனுப்பி வச்சாங்க. மொதல்ல எனக்கு ஒரு சந்தேகம் இருந்திச்சு, ஒரு பக்கத்துப் பேச்சதான கேக்குறோம்னு. இப்ப அவரே எழுதிட்டாரே. சொன்னது நெசந்தான்னு.”

“கோபத்துல சொல்லியிருப்பாம்மா.”

“கோபத்துலதான் அங்கிள் உள்ள இருக்கிறது வரும். வேற ஆளுக்கு லெட்டர் கொடுத்தாச்சு. நீங்க பெரிய மனசுக்காரரு.”

அந்த அறையில் சொல்லக்கூடிய வாக்கியம் இன்னும் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் என்னை வேறு மாதிரி பார்த்திருப்பாள். அன்றைக்கு அவனுடைய விண்ணப்பத்தைக் குப்புற வைத்த மாதிரி.

“தேங்க்ஸ்மா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஜூலை 27 – ஞாயிறு

யுகேந்திரன் ஜொகூருக்குப் போய்விட்டான். சீனி தன் காடியில் ஏற்றிக்கொண்டு சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டானாம். சுபாஷினி அழவில்லையாம், பாப்பா மட்டும் பையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டதாம். நான் கேட்காமலே சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கேலியும் செய்யவில்லை. கேலி செய்திருக்கலாம்.

“ஜெயிச்சாச்சுல்லண்ணே” என்றான் கடைசியில்.

ஆமாம், ஜெயித்தாயிற்று. நினைத்ததற்கு மேலேயே நடந்தது. இதைவிட என்ன வேண்டும்? அவன் பேர் கெட்டது, பதவி போனது, ஊரைவிட்டே போனான். எல்லாம் நான் சொன்னபடி.

ஆகஸ்ட் 2 – சனி

குழுவில் யாரும் ஒன்றும் எழுதுவதில்லை. கெப்பாலா பத்தாசிலிருந்து ஒருத்தி கேள்வி கேட்டிருந்தாள்: அலர்ட் அளவுக்கு மேல் வருகிறது, எதை நிறுத்துவது? யுகேந்திரன் இருந்தால் பதில் சொல்லியிருப்பான். நான் குரங்குக் கதையை எழுதினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 5 – செவ்வாய்

அட்மின் ஆனால் அழித்ததையும் படிக்க முடியும் என்று எனக்கு ஓர் எண்ணம். யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. இத்தனை நாளாக அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் மே மாதம் வரைக்கும் மேலே தள்ளிக்கொண்டே போனேன். நான் எழுதியது இருந்தது. அதற்குக் கீழே யுகேந்திரன் பெயரோடு, ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.’ அழுத்திப் பார்த்தேன். விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

சீனிக்குப் போன் செய்தேன். “ஏன்டா, அழிச்சது அட்மினுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாதுண்ணே” என்றான். கொஞ்சம் பொறுத்து, “ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும்” என்றான்.

போனை வைத்துவிட்டான்.

எனக்கும் தெரியாது. நான் போனைத் திறந்தபோது இதே அடையாளம்தான் இருந்தது. வேறு குழுவுக்குப் போக வேண்டியதோ, எழுத்துப் பிழையோ, ‘சரிதாண்ணே’ என்றோ, என்ன எழுதி அழித்தான் என்று எனக்குத் தெரியாது. கேபிள் இழுக்குறவங்க, படிவம் மூணு, படிச்சவங்க பாத்துக்குறோம் – அதெல்லாம் நான் எழுதியது. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்ததுமே வந்துவிட்டது.